காட்டுத் தீயும் வேரில் வாழும் பூஞ்சைகளும்

2016ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் உத்தராகண்ட் மாநில மலைக்காடுகளில் மூண்ட தீ, நாடெங்கும் பேசப்பட்டது. 4,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு எரிந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் அனுப்பப்பட்டனர். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் ஏரிகளிலிருந்து நீரை அள்ளிச் சென்று தீயின் மீது கொட்டின. தீ அடங்கிய பின் வழக்கம் போல் கணக்கெடுப்பு நடந்தது. எரிந்த பரப்பு எவ்வளவு, கருகிய நாற்றுகள் எத்தனை, மரத்தின் மதிப்பு எத்தனை ரூபாய் என்பவை ஏடுகளில் ஏறின. ஆனால், அந்த மரங்களின் வேர்களைப் பற்றிக்கொண்டு மண்ணுக்குள் வாழ்ந்த ஓர் உயிர்க்கூட்டம் என்னவாயிற்று என்பதற்கு அந்த ஏடுகளில் பத்தியே கிடையாது. அவ்வுயிர்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சந்தையில் அவற்றுக்கு விலையும் இல்லை. எனினும், எரிந்த சரிவில் மீண்டும் காடு எழுமா, புதர் மண்டுமா என்பதைப் பெருமளவுக்கு முடிவு செய்பவை அவையே.

வேரும் பூஞ்சையும்

பூஞ்சை என்றவுடன் பயிரை அழிக்கும் நோயும், ரொட்டியில் படியும் பச்சை நிறமுமே பலருக்கும் நினைவு வரும். ஆயினும் காட்டு மரங்களின் நுனிவேர்களில் குடியிருக்கும் பூஞ்சைகள் மரத்துக்கு நோய் தருபவை அல்ல. மரத்தோடு கொடுக்கல் வாங்கல் நடத்துபவை. 1885ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் இவ்வுறவுக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் இதற்குப் 'பூஞ்சை வேர்' என்று பொருள். பிரஷ்ய அரசு அவரிடம் ஒப்படைத்த வேலை வேறு: மண்ணுக்கடியில் விளையும் 'டிரபிள்' என்னும் விலையுயர்ந்த காளானைப் பயிரிட முடியுமா என்று ஆராயும்படி அவரைப் பணித்திருந்தது. காளானைத் தேடிப் போனவருக்குக் காட்டின் அடித்தளமே அகப்பட்டது எனலாம்.

மரம் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை வேர் வழியே பூஞ்சை பெறுகிறது. இது பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம். பூஞ்சையின் இழைகள் வேர்த்தூவிகளைவிடப் பன்மடங்கு மெல்லியவை. வேர் நுழைய முடியாத மண்துளைகளில் அவை நுழைந்து, நீரையும் மணிச்சத்தையும் தழைச்சத்தையும் திரட்டி மரத்துக்கு அளிக்கின்றன. மண் துகள்களைப் பின்னிப் பிணைத்து, மழையில் அவை கரைந்து ஓடாமல் காப்பதும் இவ்விழைகளே.

இவற்றில் இரு பெரும் வகைகள் உண்டு. ஒன்று, நுனிவேரின் மேல் உறை போலப் படர்ந்து, செல்களுக்கிடையே மட்டும் ஊடுருவும் புற வேர்ப்பூஞ்சை. பைன், தேவதாரு, ஓக், சால் எனப்படும் குங்கிலிய மரம் ஆகியவை இவ்வகையைச் சார்ந்து நிற்பவை. மற்றது, வேர்ச் செல்லுக்குள்ளேயே புகுந்து கிளைவிடும் அக வேர்ப்பூஞ்சை. தேக்கு, மூங்கில், புல்லினங்கள், நம் உணவுப் பயிர்களில் பெரும்பாலானவை இதனோடு வாழ்கின்றன. இவ்வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

புற வேர்ப்பூஞ்சை இன்றி மரம் என்ன ஆகும் என்பதைப் பியூர்ட்டோ ரிக்கோ தீவின் அனுபவம் காட்டியது. அங்கே இயற்கையில் பைன் மரம் இல்லை. அயலிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த நாற்றுகள் மஞ்சளித்துக் குன்றின, உரமிட்டும் பயனில்லை. 1950களில், பைன் காட்டிலிருந்து எடுத்த மண்ணைச் சிறிதளவு வேரடியில் இட்ட பிறகே அவை தழைத்தன. ஒரு கைப்பிடி மண்ணிலிருந்த பூஞ்சைதான் வேறுபாடு.

மண்ணுக்குள் வெப்பம்

தீயின் வெப்பம் சில நூறு டிகிரி செல்சியஸ் இருந்தாலும் அது முழுவதும் மண்ணுக்குள் இறங்குவதில்லை. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். காய்ந்த சருகு மட்டும் விரைந்து எரிந்து கடந்து சென்ற இடத்தில், 5 செ.மீ. ஆழத்தில் வெப்ப உயர்வு சில டிகிரிகளாகவே இருக்கக்கூடும். ஆகவே, எரிந்த காட்டின் மண் அனைத்தும் செத்த மண் என்று கூறுவது மிகை.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. புற வேர்ப்பூஞ்சை படர்ந்த நுனிவேர்கள் ஆழத்தில் இல்லை. பெரும்பாலும் மக்கு அடுக்கிலும் அதன் கீழுள்ள முதல் 10 செ.மீ. மண்ணிலுமே நெருங்கியுள்ளன. பூஞ்சை இழைகளில் பல 60 முதல் 80 டிகிரி வெப்பத்தில் மாண்டுவிடுகின்றன. மண் ஈரமாயிருந்தால் இன்னும் குறைந்த வெப்பமே போதும். அதே வேளையில், ஈர மண்ணிலுள்ள நீர் ஆவியாகித் தீரும் வரை அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. மக்கு அடுக்கும் நனைந்திருந்தால் அது எரியாமலே தப்பிவிடுகிறது. எனவே காட்டின் எத்தனை பரப்பு எரிந்தது என்பதைவிட, எவ்வளவு ஆழத்துக்கு எரிந்தது, எவ்வளவு நேரம் எரிந்தது என்பவையே பூஞ்சைக்குப் பொருட்டு. விழுந்து கிடக்கும் பெருங்கட்டை ஒன்று நாள் முழுதும் கனன்றால், அதன் அடியிலுள்ள மண் செங்கல் போலச் சிவந்து, பல அங்குல ஆழத்துக்கு உயிரற்றுப் போகிறது. பத்தடி தள்ளி, சருகு மட்டும் எரிந்த இடத்தில் பூஞ்சைகள் பிழைத்திருக்கும்.

வெப்பத்தால் நேரும் சாவு ஒரு பாதியே. மற்ற பாதி மெதுவாக வருகிறது. மரம் கருகி மாண்டால் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. தீயில் தப்பிய பூஞ்சையும் பட்டினியால் மடிகிறது. மேலும், சாம்பல் மண்ணின் காரத்தன்மையை உயர்த்துகிறது. தழைச்சத்தில் ஒரு பகுதி 200 டிகிரி அளவிலேயே ஆவியாகிப் பறந்துவிடுகிறது. மணிச்சத்தோ சாம்பலில் தங்கிச் சிலகாலம் எளிதில் கிடைக்கிறது. மக்கும் ஈரமும் விரும்பும் பூஞ்சை இனங்கள் இம்மாறுதலைத் தாங்குவதில்லை. உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2017ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, தீக்குப் பின் பூஞ்சை இனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழக் கால்பங்கு குறைவதாகவும், பழைய நிலை திரும்பப் பத்து முதல் இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் வரை ஆவதாகவும் காட்டியது.

சீர் பைனும் பாஞ்ச் ஓக்கும்

இந்தப் பத்து, இருபது ஆண்டுகள் என்னும் கணக்கை உத்தராகண்ட் மலைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஏறத்தாழ 4 இலட்சம் ஹெக்டேரில் சீர் பைன் பரவியுள்ளது. கோடையில் அது உதிர்க்கும் ஊசியிலைகளைப் 'பிரூல்' என்பர். பிசின் நிறைந்த இவ்விலை எளிதில் மக்காது, எளிதில் பற்றும். மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டியும், கவனக்குறைவாலும் மூளும் தீ, இந்தப் பிரூல் மெத்தையில் சரிவு சரிவாக ஏறுகிறது. சில சரிவுகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிகின்றன. ஒரு தீயின் பாதிப்பிலிருந்து பூஞ்சைக் கூட்டம் மீள்வதற்குள் அடுத்த தீ வந்துவிடுகிறது. பிரூல் தீயால் ஒருமுறை நேரும் கேடு பெரிதன்று. அது திரும்பத் திரும்ப வருவதே கேடு.

சீர் பைன் இதைத் தாங்கும். அதன் பட்டை தடித்தது. தீ கடந்த பின்னும் மரம் நிற்கும். மரம் நிற்கும் வரை வேரில் பூஞ்சையும் ஏதோ ஓரளவு நிற்கும். மேலும், பைனின் துணையான 'ரைசோபோகன்' போன்ற பூஞ்சைகளின் வித்துத்துகள்கள் வெப்பத்தைத் தாங்குபவை. மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, புது வேர் அருகில் வரும்போது முளைப்பவை. 'சீனோகாக்கம்' என்னும் பூஞ்சை, கடுகினும் சிறிய கருநிறக் கெட்டி உருண்டைகளாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு வறட்சியையும் ஓரளவு வெப்பத்தையும் கடக்கிறது. ஆக, எரிந்த சரிவில் முதலில் பிழைப்பது பைனும் அதன் துணையுமே.

பாஞ்ச் ஓக்கின் நிலை வேறு. 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வளரும் இம்மரம் மலைமக்களுக்குத் தீவனமும் விறகும் தருவது. அதன் தடித்த மக்கு அடுக்கு மழைநீரை உறிஞ்சி ஊற்றுகளுக்கு விடுவது. அந்த மக்கு அடுக்கே அதன் வேர்ப்பூஞ்சைகளின் வீடும் ஆகும். கீழிருந்து ஏறிவரும் பைன் காட்டுத் தீ ஓக் காட்டின் விளிம்பைத் தின்னும்போது, பல ஆண்டுகளாகத் திரண்ட மக்கு ஒரே நாளில் போய்விடுகிறது. ஓக் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்க வல்லதுதான்; ஆனால் ஆடும் அரிவாளும் அத்தளிரை விட்டுவைப்பதில்லை. விதையிலிருந்து எழும் கன்றுக்கோ அருகில் துணைப் பூஞ்சை வேண்டும். அது இல்லாத வெற்றிடத்தில் அக வேர்ப்பூஞ்சையோடு வாழும் புல்லும் களைப்புதர்களும் முந்திக்கொள்கின்றன. அவற்றின் பூஞ்சை விரைவில் மீள்வது. ஏனெனில் புல் ஒரே மழையில் தளிர்த்துச் சர்க்கரை தரத் தொடங்கிவிடுகிறது. உண்ணிச்செடியும் 'காளாபான்ஸ்' என்று மலைமக்கள் அழைக்கும் களையும் எரிந்த நிலத்தில் மண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலமும் இங்கே பாதகமாக அமைந்துள்ளது. இமயச் சரிவுகளில் தீயின் உச்சம் மே மாதமும் ஜூன் தொடக்கமும்; ஜூன் இறுதியில் பருவமழை இறங்குகிறது. போர்வை எரிந்து, பூஞ்சை இழைகளின் பிணைப்பும் தளர்ந்த மண்ணின் மீது சில வாரங்களுக்குள் பெருமழை விழுகிறது. சாம்பல் முதலில் ஓடுகிறது. பின்னர், உயிர்தப்பிய வித்துத்துகள்கள் அடங்கிய அந்த மேல் மண்ணும் ஓடையை நோக்கி ஓடுகிறது. தீயிலிருந்து தப்பியது வெள்ளத்தில் போவதைத் தடுப்பதே உடனடி வேலை.

சாம்பலில் முளைப்பவை

தீயையே எதிர்பார்த்திருக்கும் பூஞ்சைகளும் உண்டு. எரிந்த சில வாரங்களில் மண்மீது செந்நிறப் பூச்சாகப் படரும் 'பைரோனீமா' அவற்றுள் ஒன்று. அது கரிந்த பொருளை உண்டு வாழ்வது, மரத்துக்குத் துணை செய்வதன்று. மேற்கு வட அமெரிக்காவில், பைன் வகைக் காடு எரிந்த அடுத்த வசந்தத்தில் 'மோரெல்' காளான்கள் பெருமளவில் முளைப்பதும் நன்கறிந்த செய்தி. இமாசலம், காஷ்மீர், உத்தராகண்ட் காடுகளில் கிராமத்தார் தேடிச் சேகரிக்கும் 'குச்சி' இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. உலர்ந்த குச்சியின் விலை கிலோவுக்குப் பல்லாயிரம் ரூபாய். காட்டை எரித்தால் குச்சி பெருகும் என்னும் நம்பிக்கை ஆங்காங்கே உண்டு. தீக்குப் பின் முளைக்கும் மோரெல் இனங்கள் ஓரிரு ஆண்டுகளே மிகுதியாகத் தோன்றிப் பின் அருகிவிடுகின்றன. தீ படாத காட்டில் ஆண்டுதோறும் முளைக்கும் இனங்களும் உள்ளன. ஆண்டுதோறும் தீ வைத்து ஆண்டுதோறும் அறுவடை செய்ய இது வயல் அன்று என்பதை, சேகரிப்போருக்கு வனத்துறை ஊழியர் எடுத்துரைக்க இடமுண்டு.

சால் காட்டில் ஒரு முரண்

நடு இந்தியாவின் சால் காடுகளில் இச்சிக்கல் மக்களின் வயிற்றோடு தொடர்புடையது. ஜார்க்கண்டில் 'ருக்டா' என்றும் பஸ்தரில் 'போடா' என்றும் வழங்கும் சிறு உருண்டைக் காளான், முதல் மழை விழுந்தவுடன் சால் மரத்தடி மண்ணில் தோன்றுகிறது. பழங்குடிப் பெண்கள் மண்ணைக் கீறி அதை எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவருவர். இறைச்சிக்கு ஈடான சுவை என்று அதற்குப் பெயர். பருவத் தொடக்கத்தில் விலையும் இறைச்சிக்குக் குறைவதில்லை. இக்காளான் சால் வேரில் வாழும் புற வேர்ப்பூஞ்சையின் கனியுடலே ஆகும். சால் இன்றேல் இது இல்லை; இதை விதைத்து வளர்க்கவும் இயலாது.

அதே காட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலுப்பைப் பூ உதிர்கிறது. சருகுக்கிடையே பூப் பொறுக்குவது கடினம் என்பதால் மரத்தடியை எரித்துத் துப்புரவாக்குவது நெடுநாள் வழக்கம். பீடி இலைக்கான தெந்துச் செடி நன்கு தளிர்க்கட்டும் என்றும் தீ வைப்பதுண்டு. இச்சிறு தீ அவிக்கப்படாமல் சால் காட்டுக்குள் பரவுகிறது. பூவுக்காக வைத்த தீ, மூன்று மாதம் கழித்து அதே குடும்பம் தேடப்போகும் காளானின் வீட்டைச் சுடுகிறது. இவ்வழக்கத்தைக் குற்றம் என்று மட்டும் கண்டு தண்டிப்பதில் பயனில்லை. பூ பொறுக்குவோருக்கு மரத்தடியில் விரிக்க வலையோ துணியோ கிடைக்கச் செய்தால் தீயின் தேவையே குறையும். தாய்லாந்திலும் இதையொத்த காளானுக்காகக் காட்டை எரிக்கும் வழக்கம் உண்டு. சருகு நீங்கியதால் காளான் கண்ணுக்கு எளிதில் படுகிறது. அதனால் விளைச்சல் பெருகியதாகத் தோன்றுகிறது. அவ்வளவே.

நிருவாகத்துக்கு உரியவை

தீயை அறவே ஒழிப்பது என்னும் குறிக்கோள் நடைமுறைக்கு ஒத்ததன்று. ஆங்கிலேயர் காலத்து வனத்துறையும் அதை முயன்று, பிரூல் குவியக் குவியத் தீயின் கடுமை கூடுவதைக் கண்டு, சீர் காடுகளில் கட்டுப்படுத்திய எரிப்பை மேற்கொண்டது. மக்களின் உரிமைகளைப் பறித்த நிருவாகத்துக்கு எதிராக 1921ஆம் ஆண்டில் குமாவோன் காடுகளில் மக்களே தீயிட்டதும் வரலாறு. அதன் பின்னரே, 1931ஆம் ஆண்டு விதிகளின்படி வன் பஞ்சாயத்துகள் அமைந்தன. இன்று உத்தராகண்டில் அவை 11,000க்கு மேல் உள்ளன. தீயை முதலில் காண்பவரும் முதலில் அவிக்க ஓடுபவரும் அவற்றின் உறுப்பினர்களே. டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை 2004ஆம் ஆண்டு முதல் துணைக்கோள் வழியே தீ எச்சரிக்கை தருகிறது. நாட்டின் வனப் பரப்பில் 36 விழுக்காட்டுக்கு மேல் அடிக்கடி தீப்பற்றக்கூடியது என்று அதன் 2019ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. எச்சரிக்கை வந்தபின் சரிவில் ஏறிச்செல்ல ஆள் வேண்டும்.

வேர்ப்பூஞ்சையை மனத்தில் கொண்டால், வழக்கமான வேலைகளில் சில மாறும். கட்டுப்படுத்திய எரிப்பை, மக்கு அடுக்கின் அடிப்பகுதி ஈரமாயிருக்கும் குளிர்காலத்திலேயே முடிப்பது நலம்; மார்ச் கடந்தபின் தாமதமாகச் செய்யும் எரிப்பு, தடுக்க வேண்டிய தீயையே உண்டாக்கிவிடுகிறது. கூட்டிய பிரூலையும் வெட்டிய கிளைகளையும் மரத்தடியில் குவித்து எரிக்கும் வழக்கம் மிகக் கெட்டது. காட்டில் தானாக மூளும் சருகுத் தீயைவிட அக்குவியலின் அடிமண் பன்மடங்கு வேகிறது. பிரூலை வெளியே கொண்டுபோய் எரிகட்டியாக்கவோ மின்சாரம் எடுக்கவோ பயன்படுத்தும் முயற்சிகள் உத்தராகண்டில் நடைபெறுகின்றன. மக்களுக்குக் கூலி கிடைப்பதோடு மண்ணும் தப்பும். ஆனால் ஓக் காட்டின் சருகையும் சேர்த்து வாரிவிடக் கூடாது. அதுவே மக்காக வேண்டியது.

எரிந்த பகுதியில் பாதி கருகி நிற்கும் மரங்களை உடனே வெட்டி ஏலமிடும் ஆவல் இயல்பே. எனினும், ஒரு பக்கம் பசுமை எஞ்சிய ஓக் மரம் ஒன்று, தன் வேர் எட்டும் வட்டத்தில் பல வகைப் பூஞ்சைகளை உயிரோடு வைத்திருக்கிறது. புதுக்கன்று அவ்வட்டத்துக்குள் இருந்தால் முதல் ஆண்டிலேயே அவை அதன் வேரில் தொற்றிக்கொள்ளும். வெட்டவெளியின் நடுவே நட்டால் காற்றும் எலியும் கொண்டுவரும் வித்துத்துகளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே நடவை எரிந்த பரப்பின் நடுவிலிருந்து தொடங்காமல், தப்பிய மரங்களிலிருந்தும் எரியாத திட்டுகளிலிருந்தும் வெளிநோக்கி நகர்த்துவது பொருத்தம். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. நடவு வரைபடத்தை வேறு விதமாக வரைந்தால் போதும்.

நாற்றங்காலைப் பற்றியும் ஒரு சொல். பைக்குள் வெறும் ஆற்று மணலும் எருவும் நிரப்பி வளர்த்த ஓக், பைன் நாற்றுகள் பார்வைக்குச் செழிப்பாக இருந்தாலும் வேரில் துணையின்றிப் புறப்படுகின்றன. நல்ல மண்ணில் நட்டால் துணை கிடைத்துவிடும். எரிந்த மண்ணில் கிடைப்பது அரிது. ஆகவே, எரிந்த நிலத்துக்கென வளர்க்கும் நாற்றுகளுக்கு, அதே இனத்தின் முதிர்ந்த மரத்தடியிலிருந்து எடுத்த மண்ணை நாற்றங்கால் கலவையில் சிறிதளவு சேர்க்க வேண்டும். பைன் மண்ணைக் கொண்டு ஓக் நாற்றை ஏமாற்ற நினைப்பது முழுப்பயன் தராது. சில பூஞ்சைகள் இரண்டுக்கும் பொது, பல தத்தம் இனத்துக்கே உரியவை. நோயுற்ற மரத்தடி மண்ணை எடுக்கக் கூடாது. ஒரே மரத்தடியைச் சுரண்டவும் கூடாது. ஆறு மாதம் கழித்து ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால், நுனிகள் குட்டையாகவும் தடித்தும் இரு கவராகப் பிரிந்தும், வெண்மையோ பழுப்போ ஆன மெல்லுறையோடும் தோன்றினால் பைன் நாற்று துணை பெற்றுவிட்டது. ஓக்கில் கவர் தோன்றாது. தடித்த நுனியும் உறையும் மட்டும் தெரியும். இதைக் காண நுண்ணோக்கி தேவையில்லை. ஒரு சாதாரண கைலென்சு போதும். நடவுக்கு வண்டி ஏற்றுமுன் ஒவ்வொரு பாத்தியிலும் பத்து நாற்றுகளை இவ்வாறு பார்ப்பதற்கு, நாற்றங்கால் காவலருக்கு அரை நாள் ஆகும்.